அகலமான சரக்கும் ஒரு நல்ல நேரமும்

கியூபெக்கில், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருக்கிறது. பெரிய சாமான் ஏற்றும் லொறிகளுக்கு அனுமதிச்சீட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. சாமான் லொறியைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், போகிற ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கியூபெக்கில் ஒரு சீட்டு, எல்லை தாண்டினால் அங்கே போகிற மாநிலத்தில் இன்னொரு சீட்டு. வாஷிங்டனிடம் ஒன்றாகக் கேட்டால் போதாதா என்று புதிய ஓட்டுநர்கள் எல்லோரும் கேட்பார்கள். போதாது ஐயா, வாஷிங்டன் இந்தச் சீட்டே தருவதில்லை. ஆனால் ஓட்டுநர் எத்தனை மணித்தியாலம் ஓடலாம் என்று சொல்வது அதுதான். மாநிலம் சூரியனைப் பார்க்கும், மத்திய அரசு மணிக்கூட்டைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து மாரடிப்பது நான்.

எங்கள் ஓட்டுநர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை அண்ணை என்பேன். மனைவியைப் பிரிந்து ஆறு வருடம் இருந்தவர். ஒருவழியாக விசா வந்து, செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மனைவி வந்து இறங்குவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் அவருக்கு எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய கொதிகலன் கொண்டுபோகிற வேலை விழுந்தது.

"வேற ஆரையும் போகச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"விடு தங்கச்சி. வெள்ளி பின்னேரம் இறக்கிப்போட்டு, படுத்தெழும்பி, வெறும் வண்டியோட சனி மத்தியானம் வந்திடுவன். மனுசி வரமுதல் எயார்போட்டில நிப்பன்."

கணக்குப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால் இருட்ட முதல் இறக்கிவிடலாம். சூரியன் இருக்கும்போது மட்டும் ஓட்டம், சனி ஞாயிறு ஓட்டமே இல்லை என்று மாநிலத்தின் சீட்டில் இருந்தது. அந்த வரிகளைச் சிவப்பில் கீறிக் கொடுத்தேன். ஆறுக்கு முதல் வண்டியைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு அழைத்தார். காலையில் எல்லையில் ஏதோ கடதாசி சரியில்லை என்று ஐந்து மணித்தியாலம் மறித்துவைத்திருந்தார்கள். ஆனாலும் இறக்கும் இடத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான்.

"தங்கச்சி, மிசின் சிவப்பாக் காட்டுது. ஆறு மணி அஞ்சு நிமிசத்துக்கு நிப்பாட்டட்டாம்."

ஓட்டுநரின் நேரத்தைத் தானாகவே பதியும் கருவி அது. வேலை தொடங்கிப் பதினாலு மணித்தியாலம் ஆனால் ஓடக்கூடாது, பத்து மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும். கணினியில் அவருடைய பதிவைத் திறந்தேன். தொடக்கம், அதிகாலை நாலு மணி ஐந்து நிமிடம்.

"அண்ணை, விடிய நாலு மணிக்கு என்ன செய்தனீங்கள்?"

"நல்ல நேரம் பிள்ளை. தேசிக்காய் வைச்சு, சில்லால ஏத்தி, யார்டை ஒருக்காச் சுத்தினனான். பேந்து போய்ப் படுத்திட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேசிக்காய்க்கு மேல் ஏறியதையும் அந்த மிசின் வேலை என்றுதான் எழுதியிருந்தது; பிறகு படுத்த நேரத்தை அது கழிக்கவும் இல்லை. சூரியன் மறைய ஒன்றரை மணித்தியாலம் கிடந்தது. மாநிலத்துக்கு ஆட்சேபனை இல்லை, வாஷிங்டனுக்கு இருந்தது. ஓய்வு முடிந்து விடியும்போது வாஷிங்டனுக்கு ஆட்சேபனை இருக்காது. ஆனால் அது சனிக்கிழமை, மாநிலம் விடாது. கொதிகலனை வழியில் போட்டுவிட்டு வரவும் முடியாது. திங்கட்கிழமை விடியும்வரை லொறித் தரிப்பிடத்தில் கிடக்க வேண்டியதுதான்.

"ஒரு மணித்தியாலம்தானே, ஓடட்டே?"

"வேண்டாம் அண்ணை. பிடிபட்டா வேலை போயிடும்."

வேண்டாம் என்று சொன்னது நான்தான். "அப்ப நீ போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றார். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவம் மனிதர்.

சனிக்கிழமை டோர்வல் விமான நிலையத்தில் அவருடைய மனைவி இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். நான் யார் என்று சொன்ன பிறகும் அவர் கண்கள் எனக்குப் பின்னால் நின்ற ஆட்களையே துழாவின.

"அவர் எங்கை?"

"வேலையில மறிச்சுப்போட்டாங்கள் அக்கா. இங்கத்தைச் சட்டம் அப்பிடி. திங்கள் வந்திடுவார்."

காரில் ஏறிப் பெருந்தெருவுக்கு வந்த பிறகு மெல்லக் கேட்டார்.

"பிந்தாம வந்து சேரவேணும் எண்டு ஐயரிட்டை நேரம் கேட்டு நான்தான் சொன்னனான் தங்கச்சி. வெள்ளி விடிய நாலு மணி. அந்த நேரத்துக்குத்தானே வெளிக்கிட்டவர்?"

"ஓம் அக்கா" என்றேன். "சரியா அந்த நேரத்துக்குத்தான்."

"அப்ப பயமில்லை" என்று சொல்லிவிட்டு, இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.