பெட்டிக்குள் போன மேகம்

எங்கள் ஊர் மேகத்தை என் தாய்மாமா திருடிவிட்டார் என்று ஒருமுறை ஏரிக்கரையில் ஊரே கூடியது. இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த வாய் பட்டினியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்தது எங்கள் ஊர். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பாவாடை கட்டிய சிறுமி. அந்த வருஷம் ராகிப் பயிர் முழங்கால் உயரம்கூட வராமல் கருகியது. ஏரியில் நடுவே கொஞ்சம் தண்ணீர் மட்டும் தேங்கி நின்றது. பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் உப்பில்லாத களி வாங்கி, ஒன்றாகப் பிசைந்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டே தின்பார்கள். தின்றபிறகு முதல் துளி விழும்வரை, வருகிற மேகத்தை யாரும் விரல் நீட்டிக் காட்டக்கூடாது. காட்டினால் மேகம் கூச்சப்பட்டுத் திரும்பிவிடும். எங்கள் ஊரில் தவழ்கிற குழந்தைக்கும் இது தெரியும். அசலூர்க்காரரான மாமாவுக்குத் தெரியாது.

மாமா பெங்களூரில் ஒரு போட்டோக் கடையில் இருந்தார். படம் பிடிக்கிற வேலை இல்லை, இருட்டறையில் கழுவுகிற வேலை. “கல்யாணத்தையும் பொணத்தையும் எவன் வேணும்னாலும் புடிப்பான். எவனும் புடிக்காதது ஒன்னு புடிச்சாந்து காட்டு, அப்புறம் உன்னப் பெட்டியத் தொட விடறன்” என்று முதலாளி சொல்லி, பழைய கேமராப் பெட்டி ஒன்றையும் படம் பதிகிற கண்ணாடித் தகடுகள் சிலவற்றையும் கொடுத்தனுப்பியிருந்தார். பஸ் குலுக்கிய குலுக்கலில் தகடுகள் உடைந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்த ஒற்றைத் தகட்டை நம்பித்தான் மாமாவின் பிழைப்பு இருந்தது.

மழைச்சோறு தின்ற மறுநாள் வானத்தில் மேகம் ஏறியது. அடியில் கறுப்பு, விளிம்பெல்லாம் பஞ்சு. மாமா மூன்று கால் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடினார், பின்னாலேயே நானும். வானத்தைப் பார்க்க வேண்டிய பெட்டியை அவர் தண்ணீரைப் பார்த்துக் குனிய வைத்தார். என்னைக் கல்மேல் ஏற்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விடச் சொன்னார். தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்த மேகத்தைப் பெட்டி இன்னொரு தரம் புரட்டி நேராக்கிக் காட்டியது. நிஜ வானம்கூட அவ்வளவு அழகாக எனக்குத் தெரிந்ததில்லை.

“புடிங்க மாமா, கலஞ்சிடப் போவுது.”

“காத்து நிக்கட்டும், பாப்பா.”

கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த மேகங்களுக்குள்ளே சின்னதாக ஒரு வெள்ளை மேகம் நடந்து வந்து நின்றது. அதன் இடுப்பில் ஒரு குடம் இருந்தது. எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியவர். யார் எதிரிலும் வரமாட்டார். அக்கரையில் நின்றவரின் நிழல்தான் தண்ணீரில் விழுந்து, பெட்டிக்குள் மேகத்தின்மேல் நேராக நின்றது.

“அத்த நிக்குது மாமா, மேகத்துல.”

மாமா என்னை இறக்கிவிட்டுத் தகட்டைச் செருகிப் படத்தை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. ஒரு சொட்டு விழவில்லை. ஆடு மேய்க்கிற தாத்தா, தான் கண்டதை விடிவதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். காலையில் மாமாவைப் பெட்டியோடு கரைமேல் நிறுத்தினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இளவட்டங்கள் சிலர் கையில் கல் இருந்தது.

“விரல நீட்டுனாலே போயிடும். நீ மூணு காலு நட்டு, கண்ணையே நீட்டியிருக்கற. அதத் தொறந்து வுட்டுடு” என்றார் ஊர்க்கவுண்டர்.

“மேகம் இதுல இல்லீங்க. அதோட நெழலுதான்.”

“நெழலப் புடிச்சு வெச்சுக்கிட்டா ஆளு எங்கடா போவான்?”

கூட்டம் ஆமோதித்து முனகியது. ஆடு மேய்க்கிற தாத்தா கும்பிட்டுக்கொண்டே, “வதிலேயி நாயனா” என்று தெலுங்கில் கெஞ்சினார், விட்டுடப்பா என்று. கல் வைத்திருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். மாமா தகடு இருந்த மரச்சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். திறந்து வெயில் பட்டால் படம் போய்விடும். திறக்காவிட்டால் பெட்டியே போய்விடும்.

அப்போது அப்பா முன்னால் வந்தார். ஊருக்கு எதிராக அப்பா பேசி நான் பார்த்ததில்லை.

“மெரட்டாதீங்கப்பா. இவன் பெங்களூரு போயி அதக் கழுவி எடுத்தாரட்டும். உள்ள இன்னா இருக்குதுன்னு இதே எடத்துல எல்லாரும் பாத்துக்கலாம். மேகத்தோட நெழலு மட்டும் இருந்தா, இவன் பேச்ச நம்பணும். இன்னா மச்சான், காட்டறியா?”

கவுண்டர் யோசித்தார். கல் வைத்திருந்த கைகள் தாழ்ந்தன. ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தேன். மாமாவின் முகம் மட்டும் வெளிறிப்போனது. கல் ஓங்கினபோதுகூட அப்படி வெளிறவில்லை.

“இன்னாடா முழிக்கற?” என்றார் அப்பா.

மாமா சட்டத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். வாயைத் திறந்தது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மாமாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே புகுந்தேன்.

“நான் பாத்தன். அதுல வெறும் மேகம் மட்டும் இல்ல...”

அதற்குமேல் நான் சொல்லத் தேவைப்படவில்லை. மாமா சட்டத்தின் மூடியைச் சரக்கென்று உருவினார். தகட்டை வெளியே இழுத்து இரண்டு கையாலும் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். பால் நிறத்தில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். கூட்டம் அதைப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் அத்தை மட்டும் தலை குனிந்து, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

“பொழைக்கத் தெரியாதவன்” என்று அப்பா காறித் துப்பினார். “திருடன்னு நீயே ஒத்துக்கிட்டியேடா.”

மாமா அன்றைக்கே பஸ் ஏறினார். அப்புறமும் வருஷக்கணக்கில் அந்த இருட்டறையில் படம் கழுவிக்கொண்டுதான் இருந்தார். மழை பிறகு வந்தது, காலம் தப்பி. மேகத்தை விட்டுக்கொடுத்த மகராசன் என்று அதே ஊர் அவரை வாழ்த்தியது. நான்தான் வெகுநாள் கோபமாக இருந்தேன். பெட்டிக்குள் நிழல் இருந்தும் அத்தை எங்கேயும் போகவில்லையே என்று முழுசாகச் சொல்ல விட்டிருந்தால் படம் தப்பியிருக்குமே என்று அத்தையிடமே போய்ப் புலம்பினேன். அத்தை என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டார். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னியதாக ஞாபகம்.

இன்றைக்கு நினைத்தால் அந்தக் கல்மேல் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காத்து நிக்கட்டும் என்று மாமா சொன்னாரே, நான் துணிக்குள் தலையை விட்டபோதே காற்று நின்றிருந்தது. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. ஊர்ப் பெண்கள் தண்ணீர் மொள்ளுகிற துறையும் நாங்கள் நின்ற இக்கரையில்தான் இருந்தது. குடத்தோடு அத்தை நின்ற அக்கரையில் இறங்குவதற்குப் படிகூடக் கிடையாது.