நுணுக்குக்காட்டியில் என் முறை

இன்று காலை, நான் மருந்து கொடுக்கும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில், கொழுந்தெடுக்கும் மாரியாயி கொக்கிப்புழு மருந்தைக் குடிக்க மறுத்தாள்.

அவளுடைய மலத்தில் இருந்த புழு முட்டைகளை நுணுக்குக்காட்டியில் காட்டினேன்.

“இது ஒங்க கண்ணாடியில ஒட்டிக் கெடக்குங்க, டாக்டரய்யா. ஒங்களோடதை வச்சுப் பாருங்க, அதுலயும் தெரியும்!”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெறும் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு, வெட்கத்துடன், என்னுடையதையும் கொண்டுவந்து வைத்தேன்.

அதே முட்டைகள்! என் வீட்டு மரக்கறிப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்பதன் பலன்.

மாரியாயி எட்டிப் பார்த்தாள். “அடியாத்தி, நெசந்தான்! மொதல்ல நீங்க குடிங்க, அப்புறம் நான்.”

இருவரும் குடித்தோம்.

‘லேசாகக் கசக்கும்’ என்று சொல்லியே இத்தனை காலம் இதைக் கொடுத்துவந்தேன். குடித்த நண்பர்களே, ஒருவராவது என்னைத் திருத்தியிருக்கக் கூடாதா?