நான் எழுதிய லீவு மெயில்கள்

அடையாறில் ஓர் அறையில் நானும் என் நண்பனும் தங்கியிருந்தோம். பெருங்குடியில் ஒரே ஆபீஸில் வேலை. பஸ் போய்விட்டால், பிரியாணி தீர்ந்துவிட்டால், "செம டிப்ரஸ்டா இருக்கு மச்சி" என்பேன். அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. போர்வையை விலக்காமல், "எழுந்திரிக்க முடியல மச்சி, நீயே லீவு மெயில் போட்டுடு" என்பான். அவன் லேப்டாப்பில், என் இங்கிலீஷில், முதலில் வைரல் ஃபீவர் என்று எழுதினேன். அடுத்த வாரம் ஃபுட் பாய்சன், பிறகு மைக்ரேன். உண்மையை எழுதினால் மேனேஜர் என்ன நினைப்பாரோ என்று நானாகவே முடிவுகட்டினேன். பெரிய அறிவாளி!

ஒரு திங்கட்கிழமை காலை அவன் குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "இனிமே மெயில் வேணாம் மச்சி" என்று சிரித்தான். வாரக்கணக்கில் சிரிக்காதவன் சிரித்தால் நான் பயந்திருக்க வேண்டாமா? அப்பாடா என்று பஸ் பிடிக்க ஓடினேன். சாயங்காலம் திரும்பியபோது அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது; உடைத்துத்தான் திறந்தோம்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, அவன் துணிமணிகளை எடுக்க அவன் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தார். மடிப்புக் கலையாத அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அவனுக்கு என்ன பண்ணுதுன்னு உங்ககிட்டயாவது சொன்னானா தம்பி?" என்று கேட்டார்.

"காய்ச்சல்னுதான் சொன்னான், அங்கிள்" என்றேன்.