நார்மல் என்று சொன்னவன்

'நார்மல்' என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். "நார்மல் வந்துட்டான்! அவனை உப்புப் பாக்க விட்டுடாதீங்க, எல்லாம் சரியா இருக்குன்னுவான்" என்று என் அக்காவின் மூத்த மகன் சத்தமாகச் சொன்னான். சொன்னது சொந்தத் தம்பியை. விஷயம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். தெரிந்த நாங்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் அக்கா போன பிறகு அவனை வளர்த்துப் படிக்க வைத்தவள் அவன் அண்ணி, மூத்தவனின் மனைவிதான். அவளுக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. ஒரு மத்தியானம் மூச்சு வாங்கி முகம் வெளுத்துப்போக, அண்ணன் அவளை நேரே தம்பியின் வார்டுக்கே தூக்கிப்போனான். "வீட்டு ஆள் இருக்கான், என்ன பயம்?" என்றான்.

மூக்கில் குழாய் மாட்டினார்கள். வெளியே விடுகிற மூச்சில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று திரை காட்டும். முதலில் எண் குறைவாக இருந்தது. வேகவேகமாக மூச்சு விட்டால் அப்படித்தானாம். பிறகு ஏறிச் சரியான அளவுக்கு வந்தது. இழுப்புச் சத்தமும் அடங்கியது. அண்ணி கண்ணை மூடிக் கிடந்தாள்.

"நார்மலுக்கு வந்துடுச்சு அண்ணி, தூங்குங்க" என்றான் தம்பி. போனில் டாக்டரிடமும் அதையே சொல்ல, அவர் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். இவன் வெளியே வந்து அண்ணன் தோளைத் தட்டி, டீ வாங்கிக் கொடுத்தான்.

டாக்டர் வந்தபோது அவளை எழுப்ப முடியவில்லை. தொண்டையில் குழாய் போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். போய்விட்டாள்.

நாங்கள் நிற்கும்போதே டாக்டர் அவனிடம் சொன்னார்: "அவங்க தூங்கலப்பா, களைச்சுட்டாங்க. மூச்சு விடத் தெம்பில்லாம வாயு உள்ளயே தங்கி எண் ஏறியிருக்கு. ஏறுற வழியில நார்மலைத் தொட்டுட்டுத்தானே போகும்? திரையில ஓடுற கோட்டையாவது பாத்தியா? மேல தட்டையா இல்லாம சாஞ்சு கிடந்திருக்குமே."

"எண்ணைத்தான் பாத்தேன் சார்."

"அவ முகத்தைப் பாத்தியாடா?" என்று அண்ணன் கேட்டான்.

அந்தக் கல்யாணம் முடிந்ததும் நான் அண்ணனைத் தனியே பிடித்தேன். "தெரியாம நடந்துபோச்சுடா. அவன் உன் ரத்தம் இல்லையா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கணும் சித்தி. அவ உள்ள செத்துட்டிருக்கா, இவன் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறான். நானும் குடிச்சேனே!"



தம்பி இப்போதும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். கீழ்த்தளத்தில், படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற அறையில்.