பட்டனை எழுதியது நான், யோசனை அவளுடையது

புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகளுக்காக நாங்கள் செய்யும் வெப்சைட்டில் ஒரே பட்டன் மூன்று பக்கங்களில் வர வேண்டும். நான் எழுதிய பட்டன், ஒரு பக்கத்தின் தகவலெல்லாம் இருக்கும் ஸ்டோருக்குள் தானே கையை விட்டு மாற்றும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும்தான் ஓடியது.

இன்று அதை மாற்றினேன். அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை இப்போது அந்தந்தப் பக்கமே பட்டனிடம் கொடுத்துவிடும். மூன்றிலும் ஓடியது.

டீம் லீட் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏலே மக்கா, சுத்தமா இருக்கே! யாரு யோசன?"

"நாந்தான் அண்ணாச்சி."

பொய். இது என் மனைவியின் யோசனை. போன வருஷம் இதே ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருந்தாள். அப்போது வேறொரு வெப்சைட்டுக்கு ஒரு பட்டனை இப்படித்தான் எழுதிக் காட்டினாள்.

"பட்டனுக்கு எதுக்குங்க ஸ்டோர் கதையெல்லாம்? அமுக்கிட்டாங்கன்னு சொன்னாப் போதாதா?" என்றாள்.

"ஏட்டி, ஒரு பட்டனுக்கா இத்தன சுத்து? தாலுகா ஆபீஸே தோத்துரும்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுதியதை ரிஜெக்ட் செய்தேன். என் இஷ்டத்துக்கு மாற்றிக் கொடுத்தாள்.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

சாயங்காலம் உண்மையைச் சொல்ல அண்ணாச்சியிடம் போனேன். "என்னலே?" என்றார். சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் சார்ஜர் பையில்தான் இருந்தது.

அண்ணாச்சி, நீங்கள் இந்தப் போஸ்டைப் படிப்பீர்கள் என்று தெரியும். லைக் போட வேண்டாம். நாளைக்கு எல்லார் முன்னாலும் அவள் பெயரைச் சொல்லி என்னைத் திட்டுங்கள். மற்றவர்களும் ஆறுதல் சொல்லாமல் ஆளுக்கு ஒரு திட்டு கமெண்டில் போடலாம்.