சோதனைத் தாளில் என் கையெழுத்து

நான் இருக்கும் நாட்டில் ஒரு சுவிச்சை மாற்றினால் அதற்கும் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு பத்திரம் எழுதுகிறார்கள். போன மாதம் லண்டனில் எங்கள் வாடகை வீட்டின் ட்ரிப் சுவிச் பழுதாகிவிட்டது. மின்சாரம் எங்காவது கசிந்தால் கண் இமைக்கும் முன் தானே விழுந்து ஆளைக் காப்பாற்றும் சாமான் அது. வந்த வெள்ளைக்காரர் கொஞ்ச நேரத்தில் புதியதைப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவருடைய வேலையே தொடங்கியது. ஒவ்வொரு பிளக்கிலும் கருவியைச் செருகி, சுவிச்சை விழுத்தி, நிமிர்த்தி, மறுபடி விழுத்தி, எல்லாவற்றையும் தாளில் எழுதினார். இரண்டு மணித்தியாலம் நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தன்னை நம்பாமல் நிற்கிறேன் என்று நினைத்தாராக்கும், சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "நோ, நோ" என்றேன். நான் கையெழுத்து வைக்கவேண்டுமா என்று மட்டும் கேட்டேன். நீங்கள் குடியிருப்பவர்தானே, தேவையில்லை என்றார். எனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது.

யாழ்ப்பாணத்து உடுவிலில் எனக்கொரு வீடு இருக்கிறது. கட்டியது நான், குடியிருந்தது என் அண்ணையும் அண்ணியும். வளவுக்குள் கிணறு, பின்னால் வெங்காயத் தோட்டம். இரண்டு வருடத்துக்கு முன், கிணற்று மோட்டரைப் போட்டால் ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. மோட்டரில் எங்கோ கசிவு. சுவிச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எங்கள் ஊரில் அந்தத் தொல்லைக்குப் பெயர் கரைச்சல். கரைச்சல் தருகிற மோட்டருக்கு ட்ரிப் சுவிச்சைச் சுற்றிக்கொண்டு வயர் இழுத்து 'டிரெக்ட்டாக'க் கொடுப்பது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் பலருக்குத் தெரிந்த கைவேலை. அண்ணை அதற்குப் பயந்தவர். அதனால் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கு. மோட்டரைக் கழட்டித் திருத்தக் குடுத்தா ஒரு கிழமை செல்லும். வெங்காயம் வாடுது. என்ன செய்ய?"

நான் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது. "டிரெக்ட்டாக் குடுங்கோ அண்ணை. எல்லாரும் உப்பிடித்தானே ஓட்டுகினம். நான் வரேக்கை பாப்பம்."

"நீ சொன்னாச் சரி."

ஒன்பதாம் நாள் ஈரக்கையோடு மோட்டரைத் தொட்டவர் கிணற்றடியிலேயே கிடந்தார். நான் போய்ப் பார்த்தது பெட்டிக்குள்.

மின்சார சபைக்காரர் வீட்டு மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். திரும்பத் தருவதென்றால் வயரிங்கைத் திருத்தி, புது ட்ரிப் சுவிச் போட்டு, சோதித்த தாளில் வீட்டு உரிமையாளர் கையெழுத்து வைக்கவேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த நாள் சுன்னாகத்திலிருந்து மின்வேலை செய்யும் சிவநேசன் வந்தார். எர்த் கம்பியிலிருந்து கிணற்றடி வரை சோதித்துவிட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உந்த மோட்டர் லைனை ஆர் மாத்தினது? இதிலை எழுதவேணும்."

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி சொன்னார். "வேறை ஆர், செத்த மனிசன்தான். ஆற்றையும் சொல்லுக் கேக்கிற மனிசனே?"

சிவநேசன் அப்படியே எழுதினார். கீழே நான் கையெழுத்து வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. செத்த மனிதன் பிடிவாதக்காரன் என்று தாளில் ஏறிவிட்டது. ஒருநாளும் என் சொல்லைத் தட்டாத மனிதன்.

வெள்ளைக்காரர் போனதும் அண்ணிக்குப் போன் எடுத்தேன். இரண்டு வருடம் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். டிரெக்ட்டாகக் கொடுக்கச் சொன்னது நான்தான் என்று.

"தெரியும் தம்பி. போனை ஸ்பீக்கரிலை போட்டுத்தானே கதைச்சவர். நான் பக்கத்திலைதான் இருந்தனான்."

"பிறகேன் அண்ணி அண்ணையிலை பழியைப் போட்டனீங்கள்?"

"உங்கடை வீட்டிலை இருந்துகொண்டு உங்களை எப்பிடிச் சொல்லுறது? வேண்டாமெண்டு அவரிட்டைத் தலைப்பாடா அடிச்சுச் சொன்னனான். வீட்டுக்காரன் சொல்லிப்போட்டான், இனி நான் என்ன கதைக்கிறதெண்டிட்டுப் போனவர்."

தம்பி என்ற பாசத்தில்தான் அண்ணை என் பேச்சைக் கேட்கிறார் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். போனில் ஊர் வீட்டை நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் "ஓம்" என்று சொல்பவர் யாராக இருந்து சொல்கிறார் என்று ஒருதரம் யோசியுங்கள்.

அண்ணி அழவில்லை. "தை பிறக்க நான் உடுப்பிட்டிக்குத் தங்கச்சி வீட்டை போறன். வீட்டைப் பூட்டிப்போட்டுத் திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். வாடகை வீட்டுப் படியில் இருந்துகொண்டு ஊரில் ஒவ்வொரு வளவாக நினைத்துப் பார்த்தேன். வடக்குப் பக்கத்தார் கனடா. எதிர் வீட்டில் யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள், பெயர் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களில் இருவர் மிச்சம், கதைத்து வருடக்கணக்கு. இருட்டும்வரை யோசித்தேன். என் வீட்டுத் திறப்பை வாங்கி வைக்க என் ஊரில் ஒரு பெயரும் எனக்கு வரவில்லை.