மூன்று மில்லிமீட்டர்

நான் ஒரு பொய் சொன்னேன். மூன்றே மூன்று மில்லிமீட்டர் பொய். அதை நம்பி ஒரு மகன் தன் தகப்பனைப் பொய்யர் என்று முடிவுகட்டினார். தகப்பன் இப்போது உயிரோடு இல்லை. மகன் இன்றுவரை அப்படியேதான் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்து தொலைக்கும்... எனக்கு அது வேண்டாம்.

என் பெயர் சுந்தரம். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. ஊரைவிட்டுக் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்த நாள்முதல் ஒரே தொழிற்சாலையில் ஒரே வேலை. இயந்திர உதிரிப்பாகங்களை அளந்து, தேறும் அல்லது தேறாது என்று சொல்வேன். நான் தேறாது என்றால் மேலாளரே வந்து கெஞ்சினாலும் தேறாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

எனக்கு ஒரு பைத்தியமும் உண்டு. புகையிலைப் பைப்புகள் சேர்ப்பேன். புகைப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் இருமியவன் நான். எனக்கு வேண்டியது அதன் வடிவம். புகையிலை வைக்கும் கிண்ணத்தின் உயரம், அதன் வாயகலம், கிண்ணத்திலிருந்து கழுத்து பிரியும் இடத்தில் விழுகிற வளைவு, எடுத்தால் உள்ளங்கையில் வந்து உட்காரும் கனம்... இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒரு நாளைக் கழித்துவிடுவேன்.

"புகைக்கவும் மாட்டீங்க, தூக்கிப் போடவும் மாட்டீங்க. வீட்ல சாமிக்கு இல்லாத இடம் இந்தக் கருமத்துக்கு!" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பே இல்லை.

என்னைப் போன்ற கிறுக்கர்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடுவோம். மேசையில் துண்டை விரித்து, பைப்புகளை அடுக்கி, அளப்போம், நிறுப்போம், சண்டை போடுவோம். கிண்ணம் பெரிதாக இருந்தால்தான் அழகு என்பார் ஒருவர். "குட்டைக் கழுத்துல பானைத் தலையை வச்ச மாதிரி இருக்கு, இதுல என்ன அழகு!" என்பேன் நான். தோசை ஆறிப்போகும். சண்டை ஆறாது.

எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் அளந்து உரக்கச் சொல்வார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். அளந்ததை வேறு யாரும் மறுபடி அளக்கக் கூடாது. அப்படிச் செய்வது அளந்தவரின் முகத்தில் அடிப்பதற்குச் சமம். எழுதுபவர் லிம், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அளப்பவன் எப்போதும் நான்தான். வேறு யாரை நம்புவார்கள்?

கமால் பாய் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தது ஒரே ஒரு பைப்போடு. அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். தங்கமான மனிதர். அவருக்கு வடிவமும் தெரியாது, அளவும் தெரியாது. அந்தப் பைப்பின் கதையைச் சொல்லத்தான் வருவார்.

கதை, அவர் அத்தா என்று அழைக்கும் தகப்பனாரைப் பற்றியது. பெரியவர் இளவயதில் தீவின் வடக்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் பழுதுக்கு வந்த கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பொறியாளரை இவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாராம். இவருடைய வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோயிற்று. ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பொறியாளர் தன் சட்டைப்பையில் இருந்த பைப்பை எடுத்து இவர் கையில் வைத்துவிட்டுப் போனார். பெருநாள் தவறாமல் அந்த வீட்டில் இந்தக் கதை சொல்லப்படும். பிள்ளைகள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். கமால் பாய் அந்த இடத்தில் தன் கையிலேயே விரலால் கோடிழுத்துக் காட்டுவார்.

எனக்கோ கதையில் கவனம் இல்லை. பைப்பில் இருந்தது கண்!

ஏன் என்று கேளுங்கள். அதைச் செய்த பழைய கம்பெனி ஒரே வடிவத்தை ஆறு அளவுகளில் செய்தது. ஒன்றாம் எண் எல்லாவற்றிலும் சிறியது, ஆறாம் எண் பெரியது. ஒன்றிலிருந்து ஐந்துவரை என்னிடம் இருந்தன. அவற்றைச் சேர்க்க எனக்கு எத்தனையோ வருடங்கள் ஆயின. ஆறாவது எங்கும் அகப்படவில்லை. கண்ணாடி அலமாரியில் ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் வைத்திருந்தேன். பல்லுப் போன வாய்போல அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

கமால் பாய் கையில் இருந்தது ஆறு.

இரண்டு முறை கேட்டேன். "அத்தா பொருள்ணே... உசுரு போனாலும் குடுக்கமாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க லா" என்று இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிம்தான் அந்தப் பைப்பையும் அளந்து எழுதிவிடலாமே என்றார். கமால் பாய் அதைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து, குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். கிண்ணத்தின் உயரம் சொன்னேன், சரியாகச் சொன்னேன். வாயகலம், அதையும் சரியாகச் சொன்னேன். கழுத்துக்கு வந்தேன். அளவுமானி நாற்பத்தாறு காட்டியது.

"நாற்பத்து மூன்று" என்றேன்.

லிம்மின் பென்சில் நின்றுவிட்டது. பிற்காலத்தில் சுற்றுலாக் கடைகளில் விற்பதற்காக இந்த வடிவத்தில் நகல்கள் வந்தன. அவற்றின் கழுத்து மூன்று மில்லிமீட்டர் குட்டை. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், கமால் பாயைத் தவிர. நகல் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை! அதற்கும் ஆள் வைத்தேன் பாருங்கள்... லிம்தான் பாவம், மெதுவாக அவருக்கு விளக்கினார்.

கமால் பாய் என் பக்கம் திரும்பினார். "அப்போ அந்த வெள்ளைக்காரர் இதக் குடுத்திருக்க முடியாதாண்ணே?"

"அவங்கல்லாம் போய்ப் பல வருஷம் கழிச்சுத்தான் இந்தச் சரக்கு வந்துச்சு பாய். காலம் ஒத்துவரலையே" என்றேன். குரல் நடுங்கவில்லை. முகத்தில் கொஞ்சம் வருத்தத்தைக்கூட வரவழைத்துக்கொண்டேன்.

நான் நினைத்தது என்ன தெரியுமா? மதிப்பில்லை என்று தெரிந்தால் மனம் விட்டுவிடுவார், கொடுத்துவிடுவார் என்று மட்டும்தான். சத்தியமாக அவ்வளவுதான்! அந்தப் பைப்புக்குப் பின்னால் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேனா?

அடுத்த வாரமே கமால் பாய் ஒரு பிளாஸ்டிக் பையில் அதைக் கொண்டுவந்தார். கைக்குட்டைகூடச் சுற்றவில்லை. "நீங்களே வச்சுக்குங்கண்ணே. வீட்ல இருந்தா கண்ண உறுத்துது."

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் காலி இடத்தில் வைத்தேன். ஒன்று முதல் ஆறுவரை படிக்கட்டுபோல் ஏறி நின்றன. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு கமால் பாய் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அத்தா உங்களப் பாக்கணுமாம். ஒரே நச்சரிப்பு. ஒரு நடை வந்துட்டுப் போங்கண்ணே, ப்ளீஸ்."

ஈசூனில் அவர்கள் வீடு. சனிக்கிழமை மதியம் போனேன். பெரியவர் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். எனக்காகவே உடுத்தியிருந்தார் என்று தோன்றியது. கமால் பாய் தேநீரை வைத்துவிட்டுத் தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"நீங்கதானே தம்பி அளந்தது?"

"ஆமா அங்கிள்."

"அத ஒரு தடவ இங்க கொண்டாந்து என் கண்ணு முன்னாடி அளந்து காட்டுவீங்களா? எம்பேச்ச இவன் நம்பமாட்டேங்குறான். பக்கத்துல வந்து உக்காரவும் மாட்டேங்குறான். உங்க அளவ நம்புவான்."

கேட்டீர்களா? தன் மகனாகும் வயதுள்ளவனிடம் கெஞ்சுவதுபோல்கூட இல்லை... கடையில் நிறுத்த பொருளை இன்னொரு தரம் நிறுக்கச் சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். அவருக்குத் தன் உண்மையின்மேல் அத்தனை நம்பிக்கை! அந்தக் கை மடியில் கிடந்தது. தழும்பு தோல் முழுக்கச் சுருங்கி வழவழத்துக் கிடந்தது.

அந்த நிமிடத்தில் நான் சரிசெய்திருக்கலாம். "கண்ணு தப்பா பாத்திருக்கும், மறுபடி அளக்கிறேன்" என்று ஒரு வார்த்தை போதும். எனக்கு ஓர் அசிங்கமும் நேர்ந்திருக்காது. அளவில் தவறுவது மனித இயல்பு என்று எல்லோரும் விட்டிருப்பார்கள்.

ஆனால் நான் அளவில் தவறியவன் என்று லிம் நோட்டில் திருத்தி எழுதுவார். அலமாரியில் மறுபடி அந்தக் காலி இடம் வரும். இவை இரண்டும்தான் எனக்கு முதலில் தோன்றின. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"எத்தனை தடவ அளந்தாலும் அதேதான் அங்கிள் வரும்" என்றேன்.

பெரியவர் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. இவன் தெரிந்தேதான் சொல்கிறான் என்பது அவருக்கு அப்போது விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். "சரி தம்பி. டீய குடிங்க, ஆறிடும்" என்றார்.

குடித்தேன்! அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. ரயிலில் ஈசூன் திசையில் ஏறி, பாதி வழியில் ஆங் மோ கியோவில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தது ஒருமுறை அல்ல, மூன்று முறை. தொழிற்சாலையில் ஒரே பாகத்தை நாலு தடவை அளந்தேன். "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார்கள். என்னவென்று சொல்வது?

இப்படி நான் நடந்துகொண்டிருந்தபோதே பெரியவர் விழுந்து, மருத்துவமனைக்குப் போய், பத்து நாளில் கண்ணை மூடிவிட்டார். அடக்கத்துக்குப் போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன். அதற்கு அடுத்த வாரம், இனித் தாங்காது என்று பைப்பைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கமால் பாயின் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று நிச்சயம் செய்துகொண்டுதான் போனேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

கடையில் வேறு ஆள் இல்லை. நான் வாயெடுக்கும் முன்பே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேண்ணே. மவுத்தாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அத்தா என்னக் கூப்பிட்டாங்க. ஆமாப்பா, அந்தக் கதைய நான்தான் கட்டிவிட்டேன், எங்கயோ கடையில கெடந்த பைப்புன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. அப்போ கையில இந்தத் தழும்புன்னு கேட்டேன். சின்ன வயசுல வெந்நி கொட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டாங்க."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு மாசமா ஒழுங்கா மொகம் குடுத்துப் பேசல நான். அன்னிக்குத்தான் கட்டில்ல ஏறிப் பக்கத்துல உக்காந்தேன். போகுது விடுங்கத்தா, நான் மன்னிச்சிட்டேன்னு கையப் புடிச்சு முத்தம் குடுத்தேன். எவ்வளவு சந்தோசப்பட்டாங்க தெரியுமா! எம்புட்டு வயசு... அந்த வயசுல ஒரு மனுசன் தன் தப்ப ஒத்துக்குறதுன்னா லேசாண்ணே? எங்கத்தா ஒத்துக்கிட்டாங்க."

என் சட்டைப்பையில் பைப் கனத்தது. மகன் பக்கத்தில் வந்து உட்காரவேண்டும் என்பதற்காக அந்த மனிதர் தீயில் வெந்த கையை வெந்நீர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செய்யாத தப்பை அவர் ஒத்துக்கொண்டார். செய்தவன் நான் எதிரில் நிற்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? மன்னித்த திருப்தியும் இவரிடமிருந்து போய்விடும். நிரபராதியை இரண்டு மாதம் வதைத்தோம் என்பது மட்டும் மிஞ்சும். ஆகவே இவர் நன்மைக்காகத்தான் நான் சொல்லவில்லை... பார்த்தீர்களா, எவ்வளவு வாகாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது எனக்கு! உண்மையில் நான் பயந்தேன். அவ்வளவுதான்.

"லேசில்ல பாய்" என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்குத் தேநீர் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மறுபடி வருகிறார். என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார்.